எழுபத்தேழு புளியமுத்தும் ஒரு வேற்றுக்கிரகக் கணினியும்

விண்கலக் கதைகளில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. பெயர் தெரியாத கிரகம். அங்கே இருக்கும் மக்களின் பழைய கணினி மக்கர் செய்கிறது. அதைக் கட்டிய முன்னோர் போய்ச் சேர்ந்து பல தலைமுறை ஆகிவிட்டது. விண்கலத்தார் இறங்குவார்கள், திரையை முறைப்பார்கள், நாலு பொத்தானைத் தட்டுவார்கள், எல்லாம் சரியாகிவிடும். எப்படிச் சரியானது என்பதை மட்டும் காட்ட மாட்டார்கள்.

அந்த ‘எப்படி’யை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் தாங்களே கண்டுபிடிக்கிற மாதிரி ஒரு விளையாட்டு செய்யலாம். கணினி வேண்டாம், கரண்ட் வேண்டாம். 100 புளியமுத்து, கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று. மதுரைப் பக்கம் ஆடுவதற்கென்றே கணக்குப் போட்டுக் கட்டிய புதிர் இது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் முத்து. தாயம் ஆட உரசுகிற மாதிரியே, ஒவ்வொரு முத்தையும் ஒரு பக்கம் மட்டும் சொரசொரப்பான கல்லில் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். வெள்ளை மேலே இருந்தால் 1, தோல் பக்கம் மேலே இருந்தால் 0. செய்திக்கு 77, பிறகு வரும் நிரலுக்கு (கணினிக்கான கட்டளை வரிசை) 15, ஆக 92 போதும். ஆனால் எட்டு பத்து முத்து எப்படியும் உருண்டு போகும். அதனால்தான் 100. பல்லாங்குழியை நினைவகமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் 14 குழிதான், நமக்கு வேண்டியது 15. ஒரு குழியில் தோற்றோம்.

கதைச் சூழல் இவ்வளவுதான்: அந்தக் கிரகத்தில் ஒரே ஆறு. ஆற்றிலிருந்து மூன்று கண்மாய்களுக்குத் தண்ணீர் படிப்படியாக இறங்குகிறது. மடைகளைத் திறந்து மூடுவது ஒரு கணினி. அது நின்று போய்விட்டது. மூன்றாவது கண்மாயின் கீழேதான் வயலும் ஊரும். விண்கலத்துக்குக் கிடைப்பது கணினி அனுப்பும் ஒரு நீண்ட வரி மட்டும்:

10100000000111000000000000101000000001110000000000001010000000011101101010110

வெளியூர் ஆட்களுக்கு விளக்க வேண்டிய விஷயத்தை இங்கே விளக்கவே வேண்டாம். மேல் கண்மாய் நிறைந்து கலிங்கு பாய்ந்தால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் என்பது மாடக்குளத்துப் பிள்ளைக்கும் வண்டியூர்ப் பிள்ளைக்கும் யாரும் சொல்லித் தந்த பாடமில்லை.

வரியை வாங்குவதே முதல் சோதனை. ‘அயலார்’ வேடம் போட்டவர் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு பிட்டாக (ஒரு 0 அல்லது ஒரு 1) சொல்ல, இந்தப் பக்கம் ஒருவர் முத்தை வைத்துக்கொண்டே போவார். இங்கேதான் முக்கால்வாசிக் குழு சறுக்கும். இடையில் தொடர்ந்து 12 பூஜ்யம் வருகிற இடம் இரண்டு உண்டு. “பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்” என்று போகும்போது பதினொன்றா பன்னிரண்டா என்று இரண்டு பக்கமும் குழம்பும். உண்மையான கணினிக் கம்பிகளிலும் இதே நோய் உண்டு. நெடுநேரம் மாற்றமே இல்லாமல் சமிக்ஞை வந்தால் வாங்குகிற பக்கத்துக் கடிகாரம் நழுவிவிடும். யுஎஸ்பி கம்பியில் ஆறு 1 தொடர்ந்து வந்தால் ஏழாவதாக ஒரு 0-ஐ வேண்டுமென்றே செருகுவது இதற்காகத்தான். நம் விளையாட்டுக்கு அவ்வளவு வேண்டாம், தாளம் போதும். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு கைதட்டு, 1 ஆனாலும் 0 ஆனாலும். கும்மியில் அடி தவறினால் உடனே தெரிகிற மாதிரி இதிலும் தெரியும். ஆனால் இந்த யோசனையை முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. ஒருமுறை எண்ணிக்கை தப்பட்டும்.

தப்பினால் என்ன ஆகும் என்பதும் சுவையானது. ஒரு பிட் விட்டுப்போனால் கையில் 76. அது 4×19 ஆகப் பிரியும், பிள்ளைகளும் உற்சாகமாக 4×19 கட்டம் போட்டு நிரப்புவார்கள், ஒன்றும் தெரியாது. ஒன்று கூடினால் 78, 6×13. அதுவும் குப்பை. 77 வந்தால்தான் வழி பிறக்கும்: 7, 11 இரண்டும் பகா எண்கள். ஒரே வரியாகப் போடுவதை விட்டால் 7 வரி அல்லது 11 வரி, இரண்டே வாய்ப்பு. இதையே 72 பிட்டாகச் செய்திருந்தால் 2×36, 3×24, 4×18, 6×12, 8×9 என்று ஐந்து ஜோடி, ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். குழுவுக்குப் பொறுமை போய்விடும்.

இந்தத் தந்திரம் நம்முடையது இல்லை. 1974 நவம்பர் 16 அன்று, போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோவில் இருந்த 305 மீட்டர் ரேடியோ தொலைநோக்கித் தட்டிலிருந்து எம்13 விண்மீன் கூட்டத்தை நோக்கிப் போன செய்தி 1679 பிட். 23×73. வானியலாளர் ஃபிராங்க் டிரேக்கும் கார்ல் சேகன் உள்ளிட்ட சிலரும் சேர்ந்து வடிவமைத்தது. நொடிக்கு 10 பிட் வீதம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. போய்ச் சேர ஏறத்தாழ 25,000 ஆண்டு. அதற்கு முன்பே, 1961-இல் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு, டிரேக் தன் சக அறிவியலாளர்களுக்கு 19×29 ஆக 551 பிட்டில் ஒரு சோதனைப் புதிர் அனுப்பினார். மனிதர் மனிதருக்கு அனுப்பியதே பெரும்பாலோருக்குப் பிடிபடவில்லை. ஆகவே உங்கள் குழு அரை மணி நேரம் முழித்தால் கவலைப்படாதீர்கள்.

11 வரி, வரிக்கு 7 என்று போட்டால் படம் சிதறும். முதல் கண்மாயின் கரை மேலே இடப்பக்கம் நிற்க, அடிப்பகுதி அடுத்த வரியில் வலது ஓரத்துக்குப் போய்விடும். 7 வரி, வரிக்கு 11 என்று போட்டால்:

10100000000
11100000000
00001010000
00001110000
00000000101
00000000111
01101010110

1 இருக்கும் கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்கினால் மூன்று கிண்ணம், படிப்படியாக இறங்குகின்றன. “அக்கா, கண்மாய்!” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு முத்து தேய்ப்பது.

இந்த இடத்தில் கண்டிப்பான ஒரு விதி: எல்லாரும் ஒரே பக்கம் உட்கார வேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்குக் கிண்ணம் கவிழ்ந்து வாசல்படி மாதிரித் தெரியும், அவர் மண்டபம் என்பார். அதைவிட மோசம் கடைசி வரியில் இருக்கிறது. 01101010110-ஐ இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றுதான், விகடகவி மாதிரி. ஆகவே எதிரில் இருப்பவர் அதே வரியைத் தவறில்லாமல் படித்துவிட்டு, எண்ணை மட்டும் தவறான கண்மாய்க்குக் கொடுத்துவிடுவார். மேல் கண்மாயின் எண் 3 என்று இவர்களும் 6 என்று அவர்களும் சண்டை போட்டால், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். திசை என்பது செய்திக்குள் எழுதப்படாத விஷயம். மேலூர்ப் பக்கம் கீழவளவு மலையில் உள்ள தமிழி (தமிழ் பிராமி, மிகப் பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு தலைகீழாகவும் வலமிருந்து இடமாகவும் வெட்டப்பட்டது. படிக்க வந்தவர்களை அது என்ன பாடு படுத்தியிருக்கும் என்று இந்தக் கட்டத்தைப் பார்த்தபின் பிள்ளைகளுக்குப் புரியும்.

கடைசி வரியில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கீழே மூன்று மூன்று பிட்: 011, 101, 110. இரும எண் முறை (0, 1 மட்டும் கொண்டு எண் எழுதுவது) தெரிந்த குழு உடனே 3, 5, 6 என்று படிக்கும். கொள்ளளவு. சரிதான். அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தட்டும்.

இப்போது தண்ணீர். ஒரு அலகு 100 மில்லி. முதல் இரண்டு கண்மாய்க்கும் பாட்டிலின் அடியை வெட்டி எடுத்துவிட்டு, கழுத்து கீழே வரும்படி தலைகீழாக நிறுத்த வேண்டும். இப்படி வைத்தால் அடியில் தண்ணீர் தங்காது. நேராக வைத்துப் பக்கத்தில் துளை போட்டால் துளைக்குக் கீழே தங்குகிற தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடும். கழுத்தை உள்ளிருந்து அடைக்க ஒரு அங்குலக் கெட்டி ரப்பர் பந்து, அதில் கோத்த நூல். நூலை இழுத்தால் மடை திறக்கும். ஆள் உள்ளே மூழ்கி அடைப்பைத் தூக்கிய பழைய பாண்டிநாட்டு மடைக்கும் இதற்கும் வித்தியாசம் நூல் மட்டும்தான். தண்ணீர் ஊற்றத் தொடங்கும்போது பந்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் ஏறியபின் தண்ணீரின் எடையே அதை அமுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது பாட்டிலில் 500 மில்லி அளவுக்குக் கோடு போட்டு, அந்த மட்டத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளையிட்டு ஒரு ஸ்ட்ராவைச் செருகினால் கலிங்கு. சுற்றி எம்-சீல். ஸ்ட்ரா சாதாரணமானதாக இருந்தால் தண்ணீர் அதன் வாயில் பரப்பு இழுவிசையால் மொட்டுப்போல நின்றுகொண்டு இறங்காமல் அடம்பிடிக்கும். 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும், வெளிமுனையைச் சாய்வாக வெட்டுங்கள். உள்முனை பாட்டில் சுவரோடு சமமாக முடிய வேண்டும். உள்ளே நீண்டு கீழ்நோக்கி வளைந்தால் அது சைஃபனாகிவிடும், கலிங்கு 500-இல் நிற்காமல் கண்மாயையே உறிஞ்சிவிடும். சொட்டு நிற்கும்வரை அடுத்த மடையைத் தொடக் கூடாது.

மூன்றாவது கண்மாய் நேராக வைத்த டப்பா. அதன் கலிங்கு மண்மூடிப்போனது என்பது கதை, ஆகவே 6 அலகுக்கு மேல் போனால் கரை உடையும். உண்மையில், தண்ணீர் வழிய டப்பாவின் சுவரில் போடும் வெட்டு 650 மில்லியில் இருக்க வேண்டும். அளக்கும்போது அங்கே பத்து இங்கே இருபது மில்லி தவறும். 600-லேயே வெட்டினால் சரியான விடைக்கும் ஊர் முழுகும். வெட்டுக்குக் கீழே காகிதத்தில் நாலு வீடு செய்து வையுங்கள். நனைந்தால் நனையட்டும், அப்போதுதான் கவனமாக இருப்பார்கள்.

விதி: ஆடத் தொடங்கும்போது முதல் கண்மாய் நிறைந்திருக்கும், மற்ற இரண்டும் காலி. முதல் மடையைத் திறந்தால் அதன் 3 அலகும் இரண்டாவதுக்குப் போகும், 5-க்கு மேற்பட்டது கலிங்கு வழியே மூன்றாவதுக்கு. திறந்து மூடியதும் முதல் கண்மாயை ஆறு தானாக நிரப்பிவிடும். இரண்டாவது மடையைத் திறந்தால் அதில் உள்ளது மொத்தமும் மூன்றாவதுக்கு. மூன்றாவது கண்மாய் கரை உடையாமல் நிறைய வேண்டும்.

இதெல்லாம் தயாரானபின் கணினியின் நிரலைக் கொடுங்கள். 15 முத்து, மும்மூன்றாக:

011 011 001 011 000

கொள்ளளவு படித்த பழக்கத்தில் 3, 3, 1, 3, 0 என்பார்கள். 1 என்ற கண்மாயே இல்லையே? இங்கேதான் உண்மையான புதிர். படத்துக்குக் கீழே இருந்த 011 கொள்ளளவு மட்டுமில்லை, அந்தக் கண்மாயின் பெயரும் அதுதான். 01, 10, 11 என்பவை ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றின் பின்னும் ஒட்டியிருக்கும் மூன்றாவது பிட், மொத்த 1-களின் எண்ணிக்கையை இரட்டைப்படையாக வைக்கச் சேர்த்தது. கணினிக்காரர்கள் பேரிட்டி பிட் என்பார்கள். 011-இல் இரண்டு 1, 101-இல் இரண்டு, 110-இல் இரண்டு. 000 நிறுத்து, அதில் ஒன்றுமே இல்லை, அதுவும் இரட்டைப்படைதான். 001-இல் ஒரே ஒரு 1. ஆக அந்தச் சொல் கெட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் கணினி நின்றுவிட்டது.

இதை நீங்கள் சொல்லிவிட்டால் விளையாட்டு செத்தது. பிள்ளைகள் கேட்டால், “படத்தையும் நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. பெரியவர்களால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை, இந்த விளையாட்டு கெடுவது பெரும்பாலும் அதனால்தான். அயலாராக நடிப்பவருக்கும் இதே விதி. அவர் தலையாட்டலாம், அவ்வளவுதான். அயலாருக்கு அந்த இரட்டைப்படை விதி அவ்வளவு சாதாரணம். அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.

நமக்கும் அப்படித்தான். ‘வைகை அணை 69 அடியை எட்டியது’ என்று செய்தி வந்தால் அது மூன்றாவது வெள்ள அபாய எச்சரிக்கை, அணையின் முழு உயரம் 71 அடி, ஆற்றில் இறங்காதே, துணி துவைக்கப் போகாதே என்பதெல்லாம் மதுரைக்காரருக்குத் தானாக விளங்கும். வேறு கிரகத்தாரிடம் ‘69’ என்ற எண் மட்டும் போனால் என்ன செய்வார்?

எழுதாமல் விட்ட விதிக்கு மதுரையைச் சுற்றியுள்ள மலைகளிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. மாங்குளம் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் கண்டது 1882-இல். பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் அதற்கு முன்பே, 1837-இல், படித்துவிட்டார். எழுத்து தெரியும். ஆனாலும் இந்தக் குகை எழுத்துகள் பல பத்தாண்டு பிடிகொடுக்கவில்லை. அவற்றில் ழ, ள, ற, ன என்ற தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். இன்னொரு சிக்கல் அகரத்தில் இருந்தது. வடக்கு பிராமியில் குறி இல்லாத எழுத்து ‘க’, பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டால் ‘கா’. தொடக்ககாலத் தமிழியின் ஒரு முறையில் குறி இல்லாதது ‘க்’, கோடு போட்டால் ‘க’வாகவும் இருக்கலாம் ‘கா’வாகவும் இருக்கலாம். அப்படி எழுதிய ‘மகன்’ என்ற சொல்லை வடக்கு விதிப்படி படித்தால் ‘மாகான’ என்று வரும். ஒவ்வொரு எழுத்தும் சரி, சொல் தப்பு. 3, 3, 1, 3, 0 என்று படிக்கும் குழு செய்வதும் அதேதான்.

சரி, 001 கெட்டது. எது கெட்டது? பேரிட்டி அதைச் சொல்லாது. ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மூலச்சொல் மூன்றில் ஒன்று: 000, 011, 101. மூன்றையும் தண்ணீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

000 என்றால் முதல் மடையை இரண்டுமுறை திறந்துவிட்டு நிற்கும். மூன்றாவது கண்மாயில் 1 அலகுதான் இருக்கும், நாற்றங்கால்கூட நனையாது. அதோடு, நிறுத்து என்ற சொல்லுக்குப் பின் இன்னொரு கட்டளையை யாராவது எழுதுவார்களா என்று ஒரு புத்திசாலி கேட்கவும் கேட்பார். 011 என்றால் முதல் மடை நான்குமுறை. மூன்றாவது கண்மாயில் 0, 1, 4 என்று ஏறி நான்காவது திறப்பில் 7. காகித வீடு நான்கும் போயிற்று. 101 என்றால்: முதல் மடை, இரண்டாவதில் 3. மறுபடி முதல் மடை, இரண்டாவதில் 5, கலிங்கு வழியே மூன்றாவதில் 1. இப்போது இரண்டாவது மடை, 5 இறங்கி மூன்றாவதில் 6, தளும்பாமல் நிறைந்தது. கடைசியாக முதல் மடை இன்னொரு முறை, இரண்டாவதில் 3 அலகு அடுத்த பாசனத்துக்கு இருப்பு. முன்னோர் நினைத்தது இதுதான்.

நிரலை நீர்க்கணக்கால் சரிபார்ப்பது கதைக்காகச் செய்த வித்தை என்று யாராவது சொன்னால் நாசாவின் வாயேஜர் விண்கலங்களைக் காட்டுங்கள். 2010-இல் வாயேஜர் 2 திடீரென்று படிக்க முடியாத தரவை அனுப்பத் தொடங்கியது. தரவைக் கட்டி அனுப்பும் கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு பிட் 0-விலிருந்து 1-ஆகப் புரண்டிருந்தது. நினைவகத்தை முழுதாக இறக்கி, பூமியில் இருந்த மூலத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்து, மே மாதம் திருத்தினார்கள். 2023 நவம்பரில் வாயேஜர் 1-க்கு வந்தது இன்னும் கடுமையானது. அதே வகைக் கணினியில் ஒரு சில்லு செத்து, நினைவகத்தில் ஏறத்தாழ 3 சதவீதம் போய்விட்டது. அங்கிருந்த நிரலை ஒரே இடத்தில் வைக்க இடமில்லை. துண்டு துண்டாக வேறு வேறு இடங்களில் செருகி, ஒன்றையொன்று தேடிப்போகும் முகவரிகளையும் மாற்றினார்கள். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர அதே நேரம். 2024 ஏப்ரலில்தான் படிக்கிற மாதிரித் தரவு வந்தது. அந்தப் பொறியாளர்களிடம் மூலப்பிரதி இருந்தது. நம் அயலாரிடம் அது இல்லை. அதனால்தான் தண்ணீரே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

(இரண்டு வாயேஜரிலும் போன தங்க இசைத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் இருக்கின்றன, தமிழ் இல்லை. இதைச் சொன்னால் பிள்ளைகள் பத்து நிமிடம் கொதிப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

முத்தைப் புரட்டி 101 ஆக்கிவிட்டுக் கலத்தில் ஏறிப் போய்விடலாம். பெரும்பாலான கதைகள் அங்கே முடியும். ஆனால் நாளைக்கு இன்னொரு முத்து புரண்டால் அயலார் யாரைக் கூப்பிடுவார்? ஆகவே கடைசி அரை மணி நேரம் அவருக்கு ஒரு காவல் வைத்துக் கொடுப்பதற்கு. ஐந்து சொல்லையும் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள்:

011
011
101
011
000

வரிசையில் பார்த்தால் எல்லாம் இரட்டைப்படை. இப்போது மேலிருந்து கீழாக எண்ணுங்கள்: முதல் நெடுவரிசையில் ஒரு 1, இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் நான்கு. இவையும் இரட்டைப்படையாக வேண்டுமென்றால் ஆறாவதாக 110 சேர்க்க வேண்டும். 110 மூன்றாவது மடையின் பெயர், ஊருக்குள் தண்ணீர் திறந்துவிடுமே என்று ஒருவர் பதறுவார். பதற வேண்டாம், அது 000-க்குப் பின்னால் இருக்கிறது, கணினி அங்கே வந்து சேராது. கொஞ்ச நேரம் முன்பு ‘நிறுத்து என்ற சொல்லுக்குப் பின் யார் எழுதுவார்கள்’ என்று கேட்ட அதே புத்திசாலிக்கு இது ஒரு இடி.

சோதிக்க, அயலார் கண்ணை மூடிக்கொள்ள, யாராவது ஒருவர் ஒரு முத்தைப் புரட்டட்டும். எந்தக் கிடைவரிசை ஒற்றைப்படை, எந்த நெடுவரிசை ஒற்றைப்படை, இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருப்பதைத் திருப்பிப் போட வேண்டியதுதான். தண்ணீரே தேவைப்படாது. இரண்டாவது ஆட்டத்தில் அறிவிக்காமல் ஒரே வரிசையில் இரண்டு முத்தைப் புரட்டி வையுங்கள். கிடைவரிசைகள் எல்லாம் நலம் என்று சொல்லும், நெடுவரிசை இரண்டு மட்டும் அழும். எந்தக் கிடைவரிசை என்று தெரியாமல் குழு மறுபடி பாட்டிலைத் தேடும். அதற்குள் யாரும் தண்ணீரைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.